நரைத்துப்போன பம்பர்: பழைய லோடு வண்டியின் வெளிப்புற பிளாஸ்டிக்கை மறுபடி கறுப்பாக்குவது எப்படி?

பத்து வருஷம் ஓடிய தோஸ்த், குட்டியானை, பொலிரோ பிக்கப் எதுவானாலும் இதே நிலைமைதான். இன்ஜின் நன்றாக இருக்கும். கேபின் பெயிண்ட்கூட ஒரு பாலிஷ் போட்டால் தெளிந்துவிடும். முன் பம்பர், சைடு கண்ணாடிக் கூடு, வைப்பருக்கு அடியில் இருக்கும் கவுல், கதவுப் பிடி, மட்கார்டு ஆகியவை மட்டும் சாம்பல் பூத்து, வண்டியின் வயதைக் கூட்டிக் காட்டும். விற்கப் போனால் புரோக்கர் விலையைக் குறைக்க முதலில் கை வைப்பதும் அங்கேதான்.

என்னுடையது தூத்துக்குடியில் ஓடும் பழைய தோஸ்த். உப்புக் காற்று, வெயில், போர் தண்ணீர் மூன்றும் சேர்ந்த ஊர். போன எஃப்.சி.க்கு (வண்டியின் தகுதிச் சான்றுக்கு) விட்டபோது பட்டறையில் கேபினோடு சேர்த்து பம்பருக்கும் கறுப்பு எனாமல் அடித்துக் கொடுத்தார்கள். அன்றைக்குப் பார்க்கப் புதுசாகத்தான் இருந்தது. ஐப்பசி மழை முடிவதற்குள் அப்பளம் மாதிரி எழும்பி உரிய ஆரம்பித்தது. அதைச் சுரண்டி எடுத்து, கடை கடையாக விசாரித்து, ஆளுக்கொரு யோசனை கேட்டு, கடைசியில்தான் வேலை முடிந்தது. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். எந்த டப்பா நல்லது என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். டப்பா இரண்டாம்பட்சம். அதைத் திறப்பதற்கு முன் பிளாஸ்டிக்கை எவ்வளவு சுத்தமாகக் கழுவினீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இந்தக் கட்டுரையில் பாதி கழுவுவதைப் பற்றியே இருந்தால் சலித்துக்கொள்ளாதீர்கள்.

1. அது எந்த வெள்ளை என்று முதலில் பாருங்கள்

பிளாஸ்டிக் வெளுத்துத் தெரிவதற்குக் காரணம் நான்கைந்து உண்டு. காரணம் தெரியாமல் செலவு செய்தால் காசு போகும்.

ஈரத் துணியால் ஓர் இடத்தைத் துடையுங்கள். ஈரமாக இருக்கும்போது நல்ல கறுப்பாகி, காய்ந்ததும் மறுபடி சாம்பலானால் அது வெயில் வேலை. வெயிலின் புற ஊதாக் கதிர் பிளாஸ்டிக்கின் மேல்தோலை அரித்து, கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகளை உண்டாக்குகிறது. வெளிச்சம் அந்த வெடிப்புகளில் பட்டுச் சிதறுவதால்தான் வெள்ளையாகத் தெரிகிறது. அடியில் கறுப்பு அப்படியே இருக்கிறது. தண்ணீர் வெடிப்புகளை நிரப்பும்போது அந்தக் கறுப்பு மேலே தெரிகிறது. இது நல்ல செய்தி, மீட்டுவிடலாம்.

ஈரத்திலும் வெள்ளைத் திட்டு போகாமல், தண்ணீர் வழிந்த கோடு மாதிரி இருந்தால் அது போர் தண்ணீரின் உப்புக் கறை. ஒரு பங்கு வினிகருக்கு ஒரு பங்கு தண்ணீர் கலந்து, துணியில் நனைத்து, சில நிமிஷம் அந்த இடத்தில் போர்த்தி வைத்துத் தேய்த்தால் கரையும். வெளுப்பு என்று நினைத்துக்கொண்டிருந்ததில் ஒரு பகுதி வினிகரிலேயே போய்விடுவது எங்கள் பக்கத்து வண்டிகளில் சகஜம்.

பெயிண்ட் ஓரத்தை ஒட்டிய பிளாஸ்டிக்கில், குழிகுழியான சொரசொரப்புக்குள் மட்டும் வெள்ளை இருந்தால் அது கேபினுக்குப் போட்ட பாலிஷ் அல்லது வேக்ஸ் காய்ந்தது. பழைய டூத் பிரஷும் சோப்புத் தண்ணீரும் போதும்.

செதில் செதிலாக எழும்பி, நகத்தால் நெம்பினால் உரிந்து வந்தால் அது யாரோ அடித்த பெயிண்ட். இதன்மேல் எந்தக் கோட்டிங்கும் நிற்காது. பெயிண்ட் முழுக்கப் போக வேண்டும். அதற்கு 8-ஆம் படிக்கு நேராகப் போய்விடுங்கள்.

இடிபட்டு வளைந்த இடத்தில் மட்டும் வெள்ளைக் கோடு இருந்தால் அது பிளாஸ்டிக் இழுபட்ட தழும்பு. கோட்டிங் போட்டால் கொஞ்சம் மங்கும். முழுக்கப் போகாது.

2. பிளாஸ்டிக்கா, ஃபைபரா?

பம்பரின் பின்பக்கம் கையை விட்டோ, போன் கேமராவை நீட்டியோ பாருங்கள். கம்பெனி பாகமாக இருந்தால் இரண்டு அம்புக்குறிகளுக்கு நடுவே பிளாஸ்டிக்கின் வகை பொறித்திருக்கும். பெரும்பாலும் பி.பி. என்றோ, பி.பி. கூட்டல் ஈ.பி.டி.எம். என்றோ இருக்கும். அதாவது பாலிப்ரொப்பிலீன், அல்லது அதில் ரப்பர் கலந்தது. தண்ணீர் வாளி, சேர் செய்கிற அதே குடும்பம். இதன்மேல் சாதாரண பெயிண்ட் ஒட்டாது. எனாமல் உரிந்ததற்குக் காரணம் இதுதான். ஏ.பி.எஸ். என்று இருந்தால் பெயிண்ட் ஒட்டும், ஆனால் தின்னர் பட்டால் இளகிவிடும். சில வண்டிகளில் கிரில்லும் கண்ணாடிக் கூடும் இந்த வகை.

பின்பக்கம் நார் நாராக, பிசின் ஊற்றிய மாதிரி இருந்தால் அது இடையில் யாரோ மாற்றிய ஃபைபர் டூப்ளிகேட். செகண்ட் ஹேண்டில் வாங்கிய வண்டியில் இது நிறைய. ஃபைபருக்குக் கோட்டிங் வேண்டாம், பட்டறையில் பெயிண்ட் அடித்தாலே நிற்கும்.

3. வழியைத் தேர்ந்தெடுங்கள், செலவைப் பாருங்கள்

கீழே சொல்லும் விலையெல்லாம் நான் விசாரித்தபோது கேட்ட சுமார் விலை. ஊருக்கு ஊர், கடைக்குக் கடை மாறும்.

டயர் பாலிஷ், டேஷ்போர்டு பாலிஷ்: 200 முதல் 350 ரூபாய். சிலிகான் எண்ணெய்தான் சரக்கு. போட்ட அன்றைக்குப் பளபளவென்று இருக்கும், இரண்டு மழையில் போய்விடும். கல்யாண ஊர்வலத்துக்கோ, வண்டி பார்க்க ஆள் வரும் நாளுக்கோ சரி. அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். இதைத் தொடர்ந்து போட்ட பிளாஸ்டிக்கில் பிறகு கோட்டிங்கோ பெயிண்டோ போடுவது பெரிய பாடு.

டிரிம் கோட்டிங்: 30 மில்லி அல்லது 50 மில்லி சின்ன பாட்டில், 800 ரூபாயில் ஆரம்பித்து 2,500 வரை போகும். இது எண்ணெய் இல்லை, வெடிப்புகளுக்குள் இறங்கிக் கெட்டியாகிவிடும் பொருள். லேபிளில் வருஷக் கணக்கில் நிற்கும் என்று போட்டிருப்பார்கள். நாள் முழுக்க வெயிலில் நிற்கிற லோடு வண்டிக்கு அதில் பாதி கிடைத்தாலே லாபம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் உடையாமல், பெயிண்ட் படாமல் இருந்தால் என் சிபாரிசு இதுதான்.

பெயிண்ட்: பிளாஸ்டிக் பிரைமர் ஸ்ப்ரே ஒன்று, மேட் பிளாக் ஸ்ப்ரே இரண்டு. எல்லாம் சேர்ந்து 1,200 முதல் 1,800. ஏற்கெனவே பெயிண்ட் அடித்துக் கெட்டுப்போன பம்பருக்கும், ஆழமாகக் கீறிய பம்பருக்கும் வேறு வழியில்லை.

ஹீட் கன்: மெஷின் 1,200 முதல் 2,500. வீடியோக்களில் இதைக் காட்டினால் மாயாஜாலம் மாதிரி இருக்கும். சூட்டில் மேல்தோல் இளகி வெடிப்பு மூடிக்கொள்வதால் கறுப்பு வந்துவிடுகிறது. ஆனால் வெயிலைத் தாங்கும் சக்தி எதுவும் புதிதாகச் சேர்வதில்லை. சில மாதத்தில் மறுபடி நரைக்கும், மறுபடி சுட வேண்டும், ஒவ்வொரு முறையும் சொரசொரப்பு வழவழப்பாகிக்கொண்டே வரும். பாலிப்ரொப்பிலீன் 160 டிகிரி வாக்கில் உருகிவிடும். ஹீட் கன் காற்று 300 முதல் 600 டிகிரி. ஒரே இடத்தில் காட்டிக்கொண்டிருந்தால் பம்பர் நெளிந்துவிடும். கவுலுக்குக் காட்டினால் பக்கத்திலேயே முன் கண்ணாடி இருக்கிறது, சூட்டில் விரிசல் விட்டால் செலவு எங்கேயோ போகும். எனக்கு இந்த வழி பிடிக்கவில்லை.

பாகத்தையே மாற்றுவது: கவுல், கண்ணாடிக் கூடு மாதிரி சின்னப் பாகங்களின் விலையை ஸ்பேர்ஸ் கடையில் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். ஓரம் நொறுங்கி, கிளிப் உடைந்த கவுலுக்குக் கோட்டிங் வாங்குவது வீண்.

அப்புறம் இலவச யோசனைகள். தேங்காய் எண்ணெய், டீசல், பழைய இன்ஜின் ஆயில். ஸ்டாண்டில் நின்றால் இதைச் சொல்லாத ஆள் கிடையாது. சேஸிஸுக்கு ஆயில் அடிப்பது வேறு விஷயம். பம்பரில் தடவினால் அன்று மாலைக்குள் ரோட்டுப் புழுதி முழுக்க ஒட்டிக்கொள்ளும். கதவோரம், கண்ணாடியோரம் இருக்கும் ரப்பர் பீடிங்கில் டீசலும் ஆயிலும் ஊறினால் உப்பித் தளர்ந்து, மழைக்குத் தண்ணீர் உள்ளே வரும்.

4. காகித வேலை: கொஞ்சம்தான், ஆனால் தெரிந்திருக்க வேண்டும்

கறுப்பு பிளாஸ்டிக்கை மறுபடி கறுப்பாக்குவதற்கு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எந்த அனுமதியும் வேண்டாம். ஆர்.சி.யில் எழுதியிருப்பது வண்டியின் நிறம். அதை மாற்றினால்தான் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு (வண்டியில் செய்யும் மாற்றங்களுக்கான விதி) வந்து நிற்கும். "பம்பரோடு சேர்த்துக் கேபினுக்கும் வேறு கலர் அடித்துவிடலாம்" என்று பட்டறையில் ஆசை காட்டினால் ஆர்.சி.யை எடுத்துப் பார்த்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

நம்பர் பிளேட்டில் கவனம் தேவை. 2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட் இருக்கும். அதன் பூட்டு ஒருமுறை கழற்றினால் உடைந்துவிடும் வகை. திரும்பப் பொருத்த முடியாது. வேலை சுலபம் என்று பம்பரிலிருந்து பிளேட்டைப் பிடுங்கிவிடாதீர்கள். டேப் ஒட்டி மறைத்துவிட்டு, சுற்றி வேலை செய்யுங்கள்.

முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு என்று ஒட்டியிருக்கும் ரிஃப்ளெக்டர் டேப்பும் அப்படித்தான். அதன்மேல் கோட்டிங்கோ பெயிண்டோ படக் கூடாது, கிழிக்கவும் கூடாது. புதிதாக ஒட்டினால் எஃப்.சி.யில் அதற்கான சான்றையும் கேட்பார்கள், அது தனிச் செலவு.

எட்டு வயது தாண்டிய லோடு வண்டிக்கு வருஷா வருஷம் எஃப்.சி. என்பது உங்களுக்கே தெரியும். எஃப்.சி.க்கு இரண்டு வாரம் முன்பே இந்த வேலையை முடித்துவிடுங்கள். முடித்த பிறகு வண்டியைப் பெயிண்டுக்கு விடும்போது, "பிளாஸ்டிக்கைத் தொடாதீங்க, டேப் போட்டு மறைச்சிட்டு அடிங்க" என்று வாயால் சொன்னால் போதாது. பெயிண்டர் வேறு, நீங்கள் பேசிய முதலாளி வேறு. பம்பரில் நீங்களே பேப்பரும் டேப்பும் ஒட்டிக் கொண்டுபோய் விடுங்கள்.

வெளுத்த பம்பரை மறைக்க இரும்பு கார்டு மாட்டச் சொல்வார்கள். கிராஷ் கார்டு, புல் பார் எல்லாம் சட்டவிரோதம் என்று 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. மாட்டாதீர்கள்.

பம்பரை மாற்றுகிற யோசனை இருந்தால் இன்சூரன்ஸ் பாலிசியை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சரக்கு வண்டிகளின் சாதாரண பாலிசியில் பம்பர், மட்கார்டு, விளக்கு ஆகியவை தனியாக அடிபட்டால் பணம் வராது. ஐ.எம்.டி. 23 என்ற சேர்க்கைக்குத் தனி பிரீமியம் கட்டியிருக்க வேண்டும். பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குத் தேய்மானம் என்று பாதி விலையைக் கழித்துத்தான் கணக்குப் போடுவார்கள். வெயிலில் வெளுத்ததற்கு எந்தப் பாலிசியிலும் கிளெய்ம் கிடையாது. வேலை முடிந்ததும் நாலு பக்கமும் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டால், பின்னால் இடிபட்டு சர்வேயர் வரும்போது முன்பு எப்படி இருந்தது என்று காட்ட உதவும்.

5. நாள், நேரம்

மழைக்காலம் வேண்டாம். சித்திரை கத்திரி வெயிலும் வேண்டாம், கோட்டிங் துணியிலேயே காய்ந்துவிடும். தென்மாவட்டத்தில் ஆடிக் காற்று கிளம்பிவிட்டால் ஈரப் பிளாஸ்டிக்கில் மண் வந்து அப்பிக்கொள்ளும். தை முதல் பங்குனி வரை நல்ல காலம். மார்கழியில் செய்வதானால் இரவுப் பனி படாமல் கூரைக்கு அடியில் வண்டி நிற்க இடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வண்டி நின்றால் வாடகை போகும். அதனால் சனிக்கிழமை சாயங்காலம் லோடு இறக்கியதும் முதல் கழுவல், ஞாயிறு காலை வெயில் ஏறும் முன் இரண்டாம் கழுவல், உலர்ந்ததும் நிழலில் கோட்டிங், திங்கள் காலை வரை நிறுத்தம் என்று போட்டால் ஒரு நாள் வாடகையோடு முடியும். பெயிண்ட் என்றால் இன்னொரு நாள் சேர்த்துக்கொள்ளுங்கள்.

6. கழுவுவது: இங்கேதான் வேலையே

வாங்க வேண்டியவை: ஆல் பர்ப்பஸ் கிளீனர் ஒரு பாட்டில், நைலான் பிரஷ், பழைய டூத் பிரஷ் இரண்டு, மைக்ரோஃபைபர் துணி நாலைந்து, நைட்ரைல் கையுறை, மாஸ்கிங் டேப், ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் அரை லிட்டர். கெமிக்கல் கடையில் ஐ.பி.ஏ. என்று கேட்டால் கொடுப்பார்கள். மொத்தம் 900 முதல் 1,200 ரூபாய்க்குள் அடங்கும்.

வாட்டர் சர்வீஸில் விட்டு அடித்துக்கொண்டு வந்தால் சேறு போகும், அவ்வளவுதான். மிஞ்சியதைக் கையால்தான் தேய்க்க வேண்டும். கிளீனரை லேபிளில் சொன்ன அளவுக்குத் தண்ணீர் கலந்து அடித்து, ஒரு நிமிஷம் ஊறவிட்டு, சொரசொரப்பின் போக்கிலும் குறுக்கிலும் பிரஷ் போடுங்கள். காய விடாதீர்கள். ஒரு நேரத்தில் பம்பரில் மூன்றில் ஒரு பங்கு மட்டும். முதல் தடவை நுரை காப்பிக் கலரில் வரும். அது மண். இரண்டாம் தடவை சாம்பலாக வரும். அதுதான் செத்துப்போன மேல்தோல், பழைய பாலிஷ் எல்லாம். நுரை வெள்ளையாக வரும் வரை நிறுத்தக் கூடாது. ஃபாக் லாம்ப் ஓரம், கிரில் இடுக்கு, கவுலின் ஜல்லடை ஓட்டை இவற்றுக்கு டூத் பிரஷ். கம்பி பிரஷ் தொடவே கூடாது. ஆசிட் கலந்த சரக்கும் வேண்டாம்.

சுத்தமாகிவிட்டதா என்று கண்டுபிடிக்கத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். முத்து முத்தாகத் திரண்டு நின்றால் இன்னும் சிலிகான் இருக்கிறது, மறுபடி கழுவுங்கள். நரைத்த பிளாஸ்டிக் சுத்தமாக இருந்தால் தண்ணீர் பரவிப் படியும்.

கடைசி அலசல் மட்டும் நல்ல தண்ணீரில் இருக்கட்டும். போர் தண்ணீரில் அலசிக் காயவிட்டால் உப்பு மறுபடி படியும், அதன்மேல் கோட்டிங் போட்டால் அந்த வெள்ளை உள்ளேயே பூட்டிக்கொள்ளும். அரை கேன் குடிதண்ணீர் போதும். ஆர்.ஓ. மெஷினிலிருந்து வெளியே வரும் கழிவுத் தண்ணீரைச் சிலர் இதற்குப் பிடித்து வைப்பார்கள். அதில்தான் உப்பு இன்னும் கூடுதல்.

துடைத்து, முழுக்க உலர விடுங்கள். திருகு ஓட்டை, இடுக்கு எல்லாவற்றிலும் தண்ணீர் ஒளிந்திருக்கும். ஏர் பிடிக்கிற கடையில் நின்று ஒருமுறை ஊதச் சொன்னால் வேலை சுலபம்.

பிறகு ஐ.பி.ஏ. துடைப்பு. பாதிக்குப் பாதி நல்ல தண்ணீர் கலந்து, துணியில் நனைத்துத் துடையுங்கள். துணி லேசாகக் கறுப்பாக வருவது இயல்பு. பிசுபிசுப்போ பளபளப்போ துணியில் தெரிந்தால் மறுபடி 6-ஆம் படியின் முதல் வரிக்குப் போங்கள். கொரோனா காலத்து சானிடைசர் வீட்டில் மிச்சம் இருக்கிறதே என்று அதை எடுக்காதீர்கள். அதில் கிளிசரின் உண்டு, மேலே படலம் விட்டுப் போகும். தின்னர், பெட்ரோலும் வேண்டாம். ஐ.பி.ஏ. சட்டென்று தீப்பிடிக்கும், பீடி குடிக்கிற நண்பரைக் கொஞ்ச நேரம் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

7. கோட்டிங் போடுவது

பிளாஸ்டிக் பெயிண்டைச் சந்திக்கும் ஓரம் முழுக்க மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். ஹெட்லைட் கண்ணாடி, நம்பர் பிளேட், ரிஃப்ளெக்டர் டேப்பும் சேர்த்து. கையால் தொட்டால் பிளாஸ்டிக் சுடக் கூடாது. சுட்டால் காத்திருங்கள்.

கண்ணுக்குத் தெரியாத ஓர் இடத்தில், பம்பரின் கீழ் உதட்டில், முதலில் ஒரு சொட்டு போட்டுப் பாருங்கள். எவ்வளவு கறுப்பு வருகிறது, எவ்வளவு பளபளப்பு வருகிறது என்று தெரிந்துவிடும். சிலருக்கு அந்தப் பளபளப்பு பிடிக்காது. முழு பம்பரும் போட்டபின் தெரிந்து பயனில்லை.

பாட்டிலோடு வரும் ஸ்பாஞ்சில் நாலைந்து சொட்டு விட்டு, ஓர் அடிக்கு ஓர் அடி இடத்தில் முதலில் கிடையாக, பிறகு குத்தாகத் தேயுங்கள். மெல்லிய படலமாக இருக்க வேண்டும். நிறையப் போட்டால் நிறைய நாள் நிற்கும் என்பது பொய். திட்டுத் திட்டாகக் காய்ந்து பிசுபிசுப்பாகத் தெரியும். லேபிளில் சொன்ன ஒன்றிரண்டு நிமிஷம் கழித்து, சுத்தமான மைக்ரோஃபைபரால் லேசாக ஒற்றிச் சமப்படுத்துங்கள். வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பார்த்தால் விட்டுப்போன இடம் வெளிறிய கோடாகத் தெரியும். அங்கே மட்டும் இன்னும் கொஞ்சம்.

பெயிண்டில் தெறித்தால் உடனே துடைத்துவிடுங்கள். மறுநாள் என்றால் ரப்பிங் பாலிஷ் போட்டுத்தான் எடுக்க வேண்டியிருக்கும். துடைத்த துணியும் காய்ந்ததும் உப்புத்தாள் மாதிரி ஆகிவிடும், அதைக் குப்பையில் போடுங்கள். கண்ணாடி துடைக்க எடுத்தால் கோடு விழும்.

நிறைய நரைத்த பிளாஸ்டிக் முதல் படலத்தை அப்படியே குடித்துவிடும். ஒரு மணி நேரம் கழித்து இரண்டாவது படலம் போடுங்கள், லேபிள் வேறு நேரம் சொன்னால் அதன்படி. பிறகு ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் படக் கூடாது, ஒரு வாரம் சோப்பு போடக் கூடாது.

கால் வைத்து ஏறும் படி பிளாஸ்டிக்கிலோ ரப்பரிலோ இருந்தால் அதில் பாலிஷ், கோட்டிங் எதுவும் வேண்டாம். மூட்டை சுமக்கிறவர் வழுக்கி விழுவார்.

8. பெயிண்ட்தான் வழி என்றால்

பழைய பெயிண்டைப் பிளாஸ்டிக் ஸ்கிரேப்பரால் நெம்பி எடுங்கள். பி.பி.யில் அடித்த எனாமல் பெரும்பாலும் தகடு தகடாகவே வந்துவிடும். ஒட்டிக்கொண்டிருப்பதை 400-ஆம் நம்பர் வாட்டர் பேப்பரால் தேய்க்கலாம். ஆனால் சொரசொரப்பு டிசைன் உள்ள இடத்தில் பேப்பர் போட்டால் டிசைன் போய்விடும். அங்கே ஸ்காட்ச் பிரைட் நார். பெயிண்ட் ரிமூவர் வேண்டாம், எந்தப் பிளாஸ்டிக்கை என்ன செய்யும் என்று சொல்ல முடியாது.

அப்புறம் 6-ஆம் படி முழுக்க. குறுக்குவழி கிடையாது. கொஞ்சம் சிலிகான் மிஞ்சியிருந்தாலும் பெயிண்ட் அந்த இடத்தில் விலகி, மீன் கண் மாதிரி வட்டம் வட்டமாகக் குழி விழும்.

கடையில் பிரைமர் என்று மட்டும் கேட்டால் இரும்புக்குப் போடுவதைக் கொடுத்துவிடுவார்கள். "பிளாஸ்டிக் பிரைமர், பி.பி.க்கு ஒட்டுறது" என்று கேட்டு, டப்பாவில் பாலிப்ரொப்பிலீன் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். ஒரே ஒரு மெல்லிய படலம். அது வெளிப்படையாக, அடித்ததே தெரியாமல் இருக்கும், அதற்காக இன்னொன்று அடிக்காதீர்கள். டப்பாவில் எழுதிய நேரத்துக்குள் மேட் பிளாக் முதல் படலம் விழ வேண்டும். சுமார் ஓர் அடி தூரத்தில் டப்பாவைப் பிடித்து, பம்பருக்கு வெளியே ஆரம்பித்து வெளியே முடியுங்கள். படலத்துக்குப் படலம் பத்துப் பதினைந்து நிமிஷம். மூன்று மெல்லிய படலம், ஒரு தடித்த படலத்தைவிட எத்தனையோ மேல்.

கெட்டிப்படுத்தி கலந்து அடிக்கும் இரண்டு பாகப் பெயிண்ட் இன்னும் உறுதி. அதில் ஐசோசயனேட் என்ற சரக்கு இருக்கிறது, மூச்சில் போனால் ஆஸ்துமா வரை கொண்டுபோகும். வீட்டு வாசலில் கைக்குட்டை கட்டிக்கொண்டு அடிக்கிற வேலை இல்லை. ஸ்ப்ரே பூத்தும் முறையான முகமூடியும் இருக்கும் பட்டறைக்கே கொடுங்கள். கொடுக்கும்போது பி.பி. பிரைமர் டப்பாவை நீங்களே வாங்கிக் கையில் கொடுப்பது உத்தமம்.

9. அதற்குப் பிறகு

வாரம் ஒருமுறை ஷாம்பூ தண்ணீரில் கழுவினால் போதும். வாட்டர் சர்வீஸில் கேட்காமலேயே கடைசியில் டயர் பாலிஷை பம்பருக்கும் சேர்த்து இழுத்துவிடுவார்கள், வண்டியை விடும்போதே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பகலில் லோடுக்குக் காத்திருக்கும்போது வண்டியின் முகத்தைத் தெற்கும் மேற்கும் பார்க்காமல் நிறுத்த முடிந்தால் பம்பருக்கும் நல்லது, டேஷ்போர்டுக்கும் நல்லது. தண்ணீர் படிந்து காய்ந்தபின் பிளாஸ்டிக் மறுபடி சாம்பலாகத் தெரிய ஆரம்பித்தால் அடுத்த படலத்துக்கு நேரம் வந்துவிட்டது. இந்த முறை ஒரு கழுவலும் ஓர் ஐ.பி.ஏ. துடைப்பும் போதும்.

பாட்டிலில் மிஞ்சியதை அடுத்த வருஷத்துக்கு எடுத்து வைக்கலாம் என்று நினைக்காதீர்கள். திறந்த கோட்டிங் காற்றின் ஈரத்திலேயே உள்ளுக்குள் கெட்டியாகிவிடும். ஒரு 30 மில்லி பாட்டில் தோஸ்த் அளவு வண்டிக்கு இரண்டு படலம் போட்டும் கொஞ்சம் மிஞ்சும். ஸ்டாண்டில் பக்கத்து வண்டிக்காரரோடு பேசி, பாதிப் பாதி காசு போட்டு வாங்கி, ஒரே ஞாயிற்றுக்கிழமையில் இரண்டு வண்டிக்கும் போட்டுவிடுங்கள்.